பொருளும் அறிவும்: பழைய இத்தாலியக் காரொன்றின் மீட்பு குறித்துச் சில சிந்தனைகள்

ஒரு நாட்டில் ஆக்கப்பட்ட பொருள் மற்றொரு நாட்டைச் சென்றடைதல் வாணிபத்தின் இயல்பாகும். அதனைக் கப்பலில் ஏற்றலாம். தீர்வை செலுத்தித் துறைமுகத்தில் இறக்கலாம். பத்திரம் எழுதி உடைமையாக்கிக் கொள்ளலாம். ஆயின் அப்பொருளை ஆக்கிய கைகளின் பயிற்சியும், அதனைப் பழுதுபார்த்து வந்தோரின் பட்டறிவும் அக்கப்பலில் ஏறுவதில்லை. அவை தனியே, பிந்தி, பெரும்பாலும் குறைவுபட்ட நிலையிலேயே வந்து சேர்கின்றன; சிலவேளை வந்து சேராமலே போய்விடுகின்றன. இவ்விடைவெளியினால் விளையும் கேடுகளையும், அதனை நிரப்ப முயல்வோரின் பணியையும் விளங்கிக் கொள்வதற்குப் பழைய இத்தாலியக் காரொன்று தக்க உதாரணமாக அமைகின்றது. 'அல்பா றோமியோ ஸ்பைடர்' என்பது அதன் பெயர். இத்தாலியிற் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகி, கலிபோர்ணியா போன்ற மாநிலங்களில் நெடுங்காலம் ஓடி மூப்படைந்து, பின்னர் பிரித்தானியாவுக்கும் ஏனைய ஐரோப்பிய நாடுகளுக்கும் மீண்டும் இறக்குமதியாகிப் புதுவாழ்வு பெற்ற கார்கள் இவ்வினத்திற் பல. அத்தகைய காரொன்றை வாங்கி மீட்க முனைபவர் இரும்பைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் கற்கத் தொடங்கி, ஈற்றில் அறிவைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் சிந்திக்க வேண்டியவராகின்றார்.

இக்காரின் பின்னணியைச் சுருக்கமாக நோக்குதல் தகும். மிலான் நகரில் 1910ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட மோட்டார்க் கம்பனியொன்றின் இத்தாலியப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து 'அல்பா' என்னும் சொல் உருவாயிற்று. 1915இல் நிக்கொலா றோமியோ என்னும் பொறியியலாளர் அதன் பொறுப்பை ஏற்றார். அவர் பெயரும் பின்னர் அதனுடன் இணைந்தது. 1933இல் இத்தாலிய அரசின் கைத்தொழில் மீட்பு நிறுவனம் அதனைத் தன்வசமாக்கியது. அது முதல் 1986இல் பியற் நிறுவனம் வாங்கும்வரை, அரைநூற்றாண்டுக்கு மேலாக அல்பா றோமியோ அரசின் உடைமையாகவே இருந்தது. பந்தயத் திடல்களிற் புகழ்பெற்ற ஒரு பெயர் அரசுத் தொழிற்சாலையொன்றின் பெயராகவும் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

1954இல் வெளிவந்த 'ஜூலியெற்றா' என்னும் காருக்காக, ஒறாசியோ சாத்தா புலீகா, ஜுசெப்பே புஸ்ஸோ ஆகியோரை உள்ளிட்ட குழுவினர் நான்கு சிலிண்டர் எஞ்சினொன்றை உருவாக்கினர். அதன் அடிப்பகுதியும் தலைப்பகுதியும் அலுமினியத்தால் வார்க்கப்பட்டவை. வால்வுகளை இயக்கும் தண்டுகள் இரண்டும் தலைப்பகுதியிலேயே அமைந்தவை. பந்தயக் கார்களுக்கும் விலைமிக்க கார்களுக்கும் உரியதாயிருந்த இவ்வமைப்பு நடுத்தர வர்க்கத்தினர் வாங்கக்கூடிய காரில் இடம்பெற்றது. அவ்வெஞ்சினின் வழிவந்த 1570 கன சென்ரிமீற்றர் எஞ்சினைத் தாங்கி, ஐந்து கியர்களுடனும் நான்கு சக்கரங்களுக்கும் தட்டுப் பிறேக்குகளுடனும், கூரை மடிக்கத்தக்க ஈராசனக் காராக 'ஸ்பைடர்' 1966 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. உடலை வடிவமைத்தது பினின்பரீனா நிறுவனம். அதன் தாபகர் பத்திஸ்தா பினின்பரீனா அடுத்த மாதமே காலமானார். பொதுமக்களிடையே நடத்தப்பட்ட போட்டியொன்றின் வாயிலாக அக்காருக்கு 'டுயெத்தோ' என்னும் பெயர் தெரிவுசெய்யப்பட்டது. 1967இல் வெளியான 'த கிறாஜுவேற்' என்னும் திரைப்படம் அதனை அமெரிக்க மக்களிடம் அறிமுகஞ் செய்தது. பல மாற்றங்களுடன் 1993 வரை, இருபத்தேழு ஆண்டுகள் ஸ்பைடர் ஆக்கப்பட்டது.

இறக்குமதியான பழைய ஸ்பைடரை ஆராய்பவர் முதலில் நோக்க வேண்டியது எஞ்சினை அன்று, உடலை. இதற்குக் காரணம் உண்டு. இக்காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளை மடித்து ஒட்டி அமைத்த உடலே சட்டகமாகவும் விளங்குகின்றது. மூடிய காரிற் கூரையும் பாரத்திற் பங்கேற்கும். ஸ்பைடருக்கோ உறுதியான கூரை இல்லை. ஆகவே கதவுகளின் கீழே வாசற்படிபோல் நீண்டு செல்லும் பெட்டிவடிவான படிப்பகுதிகளே முன்பாகத்தையும் பின்பாகத்தையும் பிணைத்து நிற்கின்றன. இவை ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த பல தகடுகளாலானவை. நீரும் சேறும் உட்புகுந்தால் துரு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளித்தகட்டிற் குமிழொன்று தோன்றும்போது உட்தகடு பெரும்பாலும் அழிந்திருக்கும்.

கலிபோர்ணியாவின் வறண்ட காற்றில் வாழ்ந்த கார்களுக்கு வடஐரோப்பாவில் மதிப்பு ஏற்படுவது இதனாலேயே. குளிர்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவும் பிரித்தானியாவில் அரித்துப்போயிருக்கக்கூடிய தகடுகள் அங்கே முழுமையாகத் தப்பியிருத்தல் கூடும். ஆனால் ஞாயிறு தன் பங்கை வாங்காமல் விடுவதில்லை. முன்பலகை வெடித்திருக்கும், ஆசன உறைகள் மக்கியிருக்கும், றப்பர்ப் பட்டிகள் கல்லாய் இறுகியிருக்கும்.

துருப்பிடித்த படிப்பகுதியைச் செப்பனிட இரு வழிகள் உள. பழைய தகட்டின்மேற் புதிய தகடொன்றைப் போர்த்தி, ஓரங்களை ஒட்டி, பசை நிரப்பித் தேய்த்துப் பூச்சுப் பூசுதல் ஒரு வழி. பார்ப்பவர் கண்ணுக்குக் கார் புதிதாகவே தோன்றும். உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். மற்றைய வழி கடினமானது. கராஜ்களில் 'ரிங்கர் வேலை' எனப்படும் தகட்டுவேலையில் தேர்ந்தவர், வெட்டத் தொடங்குமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டங்களை ஒட்டி உடலை நிலைநிறுத்துவார். அவ்வாறு செய்யாது படியை வெட்டினால் உடல் நடுவே சிறிது தாழ்ந்துவிடும். தாழ்ந்த நிலையிலேயே புதிய தகடு ஒட்டப்பட்டுவிடும். பின்னர் எக்காலத்திலும் கதவு தன் வாயிலிற் சரியாகப் பொருந்தாது. சிதைந்த தகடுகளை ஒவ்வொன்றாக நீக்கி, நல்ல உலோகம் தென்படும்வரை வெட்டி, உள்ளிருந்து வெளிநோக்கிப் புதியன அமைத்து வருவது அவர் முறை. இவ்வேலையின் பெரும்பகுதி பூச்சின் கீழ் மறைந்துபோகும். முதலாம் வழியிற் பணியும் காலமும் மிச்சமாகின்றன. விபத்து நேரும் நாளில், தாங்க வேண்டிய உலோகம் அவ்விடத்தில் இல்லை என்பது வெளிப்படும்.

எஞ்சினைப் பொறுத்தவரை அடிப்படை உறுதியானது. ஆயினும் தன் இயல்பை அறிந்தவருக்கே அது ஒத்துழைக்கும். சிலிண்டர்களின் உட்குழாய்கள் தனித்தனியே கழற்றத்தக்கவை. அவற்றின் புறத்தே குளிர்நீர் நேரடியாகச் சுழலும். தேய்ந்த குழாயை மாற்றி எஞ்சினைப் புதுப்பிக்க முடிதல் இதன் சிறப்பு. ஆனால் தலைப்பகுதியைக் கழற்றிய பின்னர் உட்குழாய்களை இறுக்கிப் பிடிக்காது எஞ்சினைச் சுழற்றிவிட்டால், அவை தம் இருக்கையினின்றும் அசைந்து அடிவளையங்களைக் கெடுத்துவிடும். நீர் எண்ணெயிற் கலக்கும். வால்வு இடைவெளியைச் சரிசெய்வதும் அத்தகையதே. பல கார்களிற் போலத் திருகொன்றைத் திருப்பி இதனை முடித்துவிடல் இயலாது. இடைவெளிகள் யாவற்றையும் அளந்து குறித்து, தண்டுகளைக் கழற்றி, வேண்டிய தடிப்புடைய சிறு மூடிகளை இட்டு, மீண்டும் பூட்டி அளக்க வேண்டும். பொறுமையற்றவர் இதனைச் செய்வதில்லை. செய்ததாகப் பட்டியலில் எழுதிவிடுவோரும் உளர். கியர்ப்பெட்டியில் இரண்டாம் கியரின் இணைப்பு வளையம் முதலில் தேய்வதென்பது இக்காரை அறிந்தோர் யாவரும் அறிந்த செய்தி. எண்ணெய் சூடேறும்வரை அக்கியரை மெல்லக் கையாளும் சாரதி, பெருஞ்செலவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றார். பராமரிப்பு என்பது கராஜில் மட்டும் நிகழ்வதன்று. ஓட்டுபவர் கையிலும் நிகழ்வது.

இனி, அமெரிக்கா சென்ற ஸ்பைடர்களின் வரலாற்றில் மிகவும் சிந்தனைக்குரிய பகுதிக்கு வரலாம். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்கா வாகனப் புகை குறித்துக் கடுமையான விதிகளைக் கொணர்ந்தது. அவற்றுக்கு அமைவதற்காக, 1969 முதல் அங்கு ஏற்றுமதியான கார்களில் காபரேற்றர்களுக்குப் பதிலாக 'ஸ்பிக்கா' என்னும் இத்தாலிய நிறுவனத்தின் பொறிமுறை எரிபொருட் பம்பியை அல்பா றோமியோ பொருத்தியது. டீசல் எஞ்சின்களுக்குரிய பம்பிகளின் வழிவந்த தொழில்நுட்பம் இது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக நான்கு சிறு முளைகள் பெற்றோலை அளந்து அனுப்பும். எவ்வளவு அனுப்புவதென்பதை, மூன்று பரிமாணங்களில் மேடுபள்ளமாகக் கடைந்தெடுக்கப்பட்ட உருளையொன்று தீர்மானிக்கும். சாரதி மிதியை அழுத்தும் அளவும் எஞ்சினின் வேகமும் அவ்வுருளையின் நிலையை மாற்றும். மலைப்பாதையில் ஏறும்போது குறையும் காற்றழுத்தத்தைக்கூட அப்பம்பி உணர்ந்து பெற்றோலின் அளவைக் குறைக்கும். மின்னணுக் கருவி எதுவுமின்றி, உலோகத்தின் வடிவத்திலேயே கணக்கை எழுதிவைத்த கருவி எனலாம். 1982இல் 'பொஷ்' நிறுவனத்தின் மின்னணு முறை வரும்வரை அமெரிக்க ஸ்பைடர்கள் இப்பம்பியுடனேயே ஓடின.

இக்கருவி அமெரிக்காவில் பெற்ற பெயரோ தீயது. 'சரிசெய்யவே முடியாத பம்பி' என்பது பலர் கூற்று. இதன் காரணத்தை ஆராயுமிடத்து ஒரு சிறு பாகம் முன்னே வந்து நிற்கின்றது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோலும் சூடேறிய எஞ்சினுக்குக் குறைந்த பெற்றோலும் வேண்டும். இம்மாற்றத்தை நிகழ்த்துவது, எஞ்சினைச் சுற்றிவரும் நீரின் வெப்பத்தால் நீளும் ஒரு சிறு கருவி. ஆண்டுகள் செல்ல அது செயலிழக்கும். செயலிழந்தால், எஞ்சின் எவ்வளவு சூடேறினும் பம்பி அதனைக் குளிர்ந்ததாகவே கருதிக் கூடுதல் பெற்றோலை ஊட்டும். கரும்புகை எழும், தீப்பொறிச் செருகிகள் கரிபிடிக்கும், மிகையான பெற்றோல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். மாற்ற வேண்டியது அச்சிறு கருவியை மட்டுமே. அதனை அறியாத மெக்கானிக்கோ பம்பியின் திருகைத் திருப்பிப் பெற்றோலைக் குறைப்பார். சூடான எஞ்சின் சற்று நன்றாக ஓடும். மறுநாட் காலை குளிர்ந்த எஞ்சின் இயங்க மறுக்கும். மீண்டும் திருகு, மீண்டும் தடுமாற்றம். ஈற்றில் பம்பி பயனற்றதெனத் தீர்ப்பளிக்கப்படும். அதனைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு 'வெபர்' காபரேற்றர்களைப் பூட்டுவர். இவ்வாறு பம்பியை இழந்த கார்கள் பல.

நிறுவனம் கைந்நூல்களை வெளியிட்டிருந்தது. பம்பியைத் தொடுமுன் தீப்பொறி, காற்றுவழி, இணைப்புக் கோல்களின் நீளம், வெப்பக் கருவி ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டுமென்பது அதனை அறிந்தோர் கைக்கொள்ளும் ஒழுங்கு. ஆனால் காபரேற்றர்களில் மட்டுமே பழகிய ஒருவர் அவ்வொழுங்கைப் பயில அவகாசமோ தூண்டுதலோ பெறவில்லை. பம்பி கப்பலில் வந்தது. அதனைப் புரிந்துகொள்ளும் அறிவு வரவில்லை. பின்னாளில், பம்பிகளைப் பிரித்து ஆராய்ந்து கற்ற சில வல்லுநரும், தம் அனுபவத்தை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்ட உரிமையாளர் சங்கத்தினருமே அவ்வறிவை மீட்டெடுத்தனர். ஒருகாலத்திற் குப்பைக்குச் சென்ற பம்பிகளை இப்போது தேடி வாங்கிப் புதுப்பித்து மீண்டும் பொருத்துவோர் உளர்.

இந்நிகழ்ச்சி தமிழ் மாணவருக்கு வேறொரு துறையை நினைவூட்டாமற் போகாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தில், ஏட்டுச்சுவடிகளைக் கையாண்டோர் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இத்தகையதே. செல்லரித்த ஏட்டில் விளங்காத சொல்லொன்று எதிர்ப்படும்போது, அதனைப் பிழையெனக் கொண்டு தமக்குத் தெரிந்த சொல்லை இட்டுவிடுதல் எளிது. வரி தடையின்றி ஓடும்; ஆனால் மூலம் இழக்கப்படும். நற்பதிப்பாசிரியரோ விளங்காமை ஏட்டின் குறையா, தம் குறையா என்று முதலில் வினவுவார், பிரதிகளை ஒப்புநோக்குவார், தாம் திருத்திய இடத்தைத் திருத்தியதாகவே காட்டுவார். பம்பியை எறிந்தவர் விளங்காத சொல்லை நீக்கிய ஏடெழுதுவோரை ஒத்தவர். பம்பியைப் படித்தறிந்தவர் பதிப்பாசிரியரை ஒத்தவர்.

இவ்வொப்புமை கற்பனையால் வலிந்து பெறப்பட்டதன்று. மீட்பின் அறவியல் குறித்துத் தீவிரமாகச் சிந்தித்த நாடுகளில் இத்தாலி முக்கியமானது. 1939இல் உரோமாபுரியில் நிறுவப்பட்ட மத்திய மீட்பு நிறுவனத்தை வழிநடத்திய செசாரே பிராண்டி, மீட்பின் கோட்பாடு பற்றிய தம் நூலை 1963இல் வெளியிட்டார். 1964இல் உருவான வெனிஸ் சாசனம், பழைய கட்டடங்களைப் புதுக்குவோர் ஊகத்தின் எல்லையை மிதித்தலாகாது என்றும், புதிதாய்ச் சேர்ப்பவை பழையவற்றினின்றும் வேறுபடுத்தி அறியத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 1966இல், ஸ்பைடர் வெளிவந்த அதே ஆண்டில் தோன்றிய சர்வதேசப் பழைய வாகனச் சம்மேளனம், 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனத்தில் இக்கருத்துக்களை மோட்டார் வாகனங்களுக்கும் விரித்தது. தேவாலயச் சுவரோவியத்துக்கு உரியதாய்க் கருதப்பட்ட மரியாதை, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்ட இயந்திரத்துக்கும் உரியதாயிற்று.

ஆயினும் கொள்கையை நடைமுறைப்படுத்துமிடத்துச் சிக்கல்கள் எழுகின்றன. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின் பொருட்டு ஸ்பைடர்களின் முன்னும் பின்னும் தடித்த கரிய றப்பர்த் தாங்கிகள் பொருத்தப்பட்டன. மெல்லிய உருக்குத் தாங்கிகளையுடைய ஐரோப்பியக் காரோடு ஒப்பிட்டால் அவை அழகற்றவை என்பதை மறுப்பார் சிலரே. அக்கார் ஐரோப்பாவுக்கு மீளும்போது அவற்றை நீக்கி ஐரோப்பியத் தாங்கிகளைப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. வடிவமைத்தவர் உள்ளத்தில் இருந்த உருவம் இதுவே என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட கார் அவ்வுருவத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. கடல் கடந்து சென்று வேற்றுநாட்டுச் சட்டத்துக்கு அமைந்து வாழ்ந்தமையே அதன் வரலாறு. அழகுக்காக வரலாற்றை அழிக்கலாமா என்பது விடையளிக்க எளிதான வினாவன்று. நீக்கிய தாங்கிகளை எறியாது பேணி, நீக்கியமையைக் குறித்துவைப்பவர் அடுத்து வரும் உரிமையாளருக்குத் தெரிவுரிமையை விட்டுச் செல்கின்றார். வெபர் காபரேற்றர் விடயத்திலும் இதுவே நேர்மையான வழி. பம்பியைப் பழுதுபார்க்க வல்லார் அருகில் இல்லாதபோது காபரேற்றரைப் பூட்டி ஓட்டுவது குற்றமாகாது. பம்பியைக் குப்பையில் இடுவதே இழப்பு.

இவை யாவும் செல்வரின் பொழுதுபோக்கு எனக் கூறுவாருமுளர். அக்கூற்றை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. பழைய இத்தாலியக் கார்கள் ஏலக்கூடங்களில் முதலீட்டுப் பொருள்களாய் மாறியுள்ளன. ஓட்டப்படாமலே கைமாறும் கார்களும் உண்டு. ஆனால் அக்கார்களில் உறைந்திருப்பது வாங்குவோரின் செல்வம் மட்டுமன்று. உருளையின் மேடுபள்ளத்தைக் கடைந்தவரும், தகட்டின் மூட்டில் ஈயம் உருக்கி நிரப்பிச் சமன்செய்தவரும், மூடிகளின் தடிப்பை அளந்து தெரிந்தவரும் பெயரறியாத் தொழிலாளரே. கம்பளத்தையும் ஆசனத்தையும் கழற்றும்போது, தொழிற்சாலையில் எவரோ சுண்ணக்கட்டியால் இட்ட குறியொன்று வெளிப்படுவதும் உண்டு. வடிவமைத்தவர் பெயர் வரலாற்றில் இருக்கின்றது. அக்குறியை இட்டவருக்கு அக்குறி மட்டுமே உளது. அதனைத் துடைத்துவிட்டுப் பளபளப்பான பூச்சுப் பூசுவது எளிது. படம்பிடித்து, இயன்றவிடத்து அப்படியே விட்டுவைப்பது மீட்பவரின் கடனாகும். தேய்ந்த பாகத்தைப் படித்தறிதல் என்பது, அதனைச் செய்த கையைப் படித்தறிதலுமாம்.

பொறுப்பு கடந்தகாலத்தை நோக்கியது மட்டுமன்று. பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டுகளைக் கடந்தனவும் பெருமாற்றம் செய்யப்படாதனவுமான கார்கள் ஆண்டுதோறும் நிகழும் கட்டாயப் பரிசோதனையினின்றும் விலக்களிக்கப்பட்டன. வீதிக்கு ஏற்ற நிலையில் காரை வைத்திருக்கும் கடமையோ உரிமையாளருக்குத் தொடர்ந்தும் உண்டு. 2021 செப்ரெம்பரிற் பத்து வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல் அங்கு பொது வழக்குக்கு வந்தது. அது பழைய றப்பர்க் குழாய்களை மெல்லக் கெடுக்கவல்லது. எஞ்சினின் வெப்பத்துக்கு அருகே கசியும் குழாய் என்ன விளைவிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. சட்டம் கண்காணிப்பைத் தளர்த்திய இடத்தில், மறைந்த தகட்டையும் குழாயையும் பிறேக்கையும் தாமே நோக்கும் மனச்சான்று ஒன்றே அக்காரில் ஏறுவோருக்கும் வீதியில் எதிர்ப்படுவோருக்கும் காவலாகின்றது.

மீட்கப்பட்ட காரொன்றின் மதிப்பை அதன் பூச்சின் ஒளியைக் கொண்டு அளப்பதே உலக வழக்கு. அதனுடன் கையளிக்கப்படும் குறிப்பேட்டைக் கொண்டு அளப்பதே தகுதியானது. எத்தகடு புதியது, எது பழையது. எந்நாளில் எம்மூடி மாற்றப்பட்டது. எது அறிந்து செய்யப்பட்டது, எது ஊகித்துச் செய்யப்பட்டது என்பவற்றைச் சொல்லும் குறிப்பேடு அது. ஸ்பிக்கா பம்பிகளின் கதையில் ஒரு தலைமுறை இழந்ததை அடுத்த தலைமுறை பெருமுயற்சியால் மீட்க நேர்ந்தது. அம்முயற்சியை மூன்றாம் தலைமுறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பொருளைப் பெறுவோர், அதனைப் பற்றிய அறிவையும் தேடிப் பெற்று எழுதிவைத்து ஒப்படைப்பாராயின், கப்பலில் ஏறாது விடுபட்டதும் உரியவரை வந்தடையும்.